ஒரு பஸ் நிறைய மாப்பிள்ளை வீட்டார்

"படகா? என்னைப் படகுலயா போட்டிருக்கீங்க?"

ஷைஜன் போட்ட சத்தத்தில், கப்பலின் அடித்தளத்துப் பணியாளர் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

கயித்தான் டிசூசா அசையவில்லை. கோவாக்காரர். கப்பல் நிற்கும் ஊர்களில் பயணிகளைச் சுற்றிக் காட்டும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். எந்தத் துறைமுகமானாலும் பயணிகளுக்கு இரண்டு வழி வைத்திருப்பார். பஸ்ஸில் ஊரைச் சுற்றலாம், இல்லையென்றால் படகில் போய்த் தண்ணீரையும் பச்சையையும் பார்க்கலாம். பயணிகள் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். பணியாளர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

"கொச்சியில காயல் படகுக்கு மலையாளி வேணும். நீ மலையாளி. இதுல அதிர்ச்சியா என்ன இருக்கு?"

"சார், இன்னிக்கு எனக்குப் பொண்ணு பார்க்கிற நாள். பொண்ணு வீடு ஃபோர்ட் கொச்சியில. ஊர் பஸ் அந்தப் பக்கமாத்தான் போகும். படகுல போனா நான் கும்பளங்கியில தென்னை மரத்தைத்தான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்."

"கப்பல் காலையில வந்து சாயங்காலம் போற ஊர்ல எவனாவது பொண்ணு பார்ப்பானா?"

"வேற எங்க சார் பார்க்கிறது? நடுக்கடல்லயா?"

ஷைஜனைப் பிடிக்காத பெண் வீட்டார் யாரும் கிடையாது. புகைப்படத்தைப் பார்த்ததும் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் அவன் விடுப்பு வாங்கிக்கொண்டு கரை சேர்வதற்குள் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருக்கும். போன தடவை வந்தபோது பெண்ணின் குழந்தைக்கு ஞானஸ்நானமே முடிந்திருந்தது. இந்த இடமும் தட்டிப்போனால் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகப் போவதாக அவனுடைய அம்மா ரோஸிலி சொல்லியிருந்தாள். அம்மாவுக்கோ இரண்டு முழங்காலிலும் வலி. அது வேண்டுதலா மிரட்டலா என்று ஷைஜனுக்குப் புரியவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தப் பெண்ணை அவனுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. பெயர் டெல்னா. நர்ஸ் படிப்பு. படத்தில், யாரோ வேடிக்கையாக ஏதோ சொல்லி, சிரிக்கக் கூடாது என்று அவள் அடக்கிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தே அரபிக் கடலில் பல நாட்களைக் கழித்திருக்கிறான். அவளுக்கும் மும்பையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அன்று ராத்திரி ரயிலில் கிளம்புகிறாளாம். இன்று விட்டால் விட்டதுதான்.

கயித்தான் பெருமூச்சு விட்டார். "சரி, நீ பஸ்ஸுக்குப் போ. படகுக்கு நானே போறேன். ஆனா ஒண்ணு. ஒரே ஒரு பயணி தொலைஞ்சாலும், ஒரே ஒரு புகார் வந்தாலும், உன் வேலை போச்சு. பொண்ணு வீட்டுல என்ன வேலைன்னு கேட்டா சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

பஸ்ஸில் ஏறிய பயணிகள் எல்லோரும் மும்பை காட்கோபரில் ஒரே அடுக்கு மாடியில் குடியிருக்கும் குஜராத்திகள். தண்ணீர்த் தொட்டி கழுவுவதிலிருந்து சுற்றுலா போவது வரை எதையும் கூட்டம் போட்டுக் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். அந்தக் குடியிருப்புக்குத் தலைவி கோகிலாபென். முன் சீட்டு அவருக்குத்தான் என்று யாரும் சொல்லாமலே காலியாக விட்டிருந்தார்கள்.

பஸ் துறைமுக வாசலைத் தாண்டியதும் ஷைஜன் பணிவாக அவர் பக்கம் குனிந்தான்.

"மாஜி, நீங்க எல்லாரும் பழைய சர்ச்சைப் பார்த்துக்கிட்டிருங்க. எனக்குப் பக்கத்துல ஒரு சின்ன வேலை. அரை மணியில வந்துடறேன்."

"என்ன வேலை பேட்டா?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். காதுவரை சிவந்துபோனவனுக்குப் பொய் வரவில்லை. "பொண்ணு பார்க்கப் போறேன் மாஜி."

கோகிலாபென் அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க! சர்ச் நானூறு ஐந்நூறு வருஷமா அங்கேயே நிக்குது. அடுத்த வருஷமும் நிக்கும். இந்தப் பையனுக்கு இன்னிக்கு ஒரு நாள்தான். பொண்ணு பார்க்கப் போறான். பாவம், தனியாப் போறான். நாம கூடப் போகலாம்கிறவங்க கை தூக்குங்க!"

பஸ் முழுவதும் கை. கடைசி சீட்டில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கையை அவர் மனைவி தூக்கிப் பிடித்தாள்.

"ஐயோ மாஜி, வேண்டாம்! எங்க வழக்கத்துல நாலு பேரு, அஞ்சு பேருதான் போவாங்க."

"நாலு பேரு போய் என்னத்தைப் பார்ப்பீங்க? மூக்கு, முழி, குணம், சமையல், எவ்வளவு இருக்கு பார்க்க!"

ஷைஜன் ஓட்டுநரைப் பார்த்தான். ஓட்டுநர் சந்திரப்பன் உள்ளூர்க்காரர். எந்தத் தெரு என்றுகூடக் கேட்கவில்லை. "பைலிச் சேட்டன் வீடுதானே?" என்று ஒடித்துத் திருப்பினார்.

பெண்ணின் அப்பா பைலி அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரோஸிலியும் தரகர் வறீதும் ஏற்கெனவே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பெரிய பஸ் வந்து நின்றதையும், அதிலிருந்து பட்டுச் சேலையும் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்ததையும் பார்த்துப் பைலி வெலவெலத்துப் போனார். ஆனால் முப்பது வருடப் பழக்கம் எங்கே போகும்? வாய் தானாகத் திறந்தது.

"உள்ளே போங்க, உள்ளே போங்க! வாசல்ல நிக்காதீங்க! உள்ளே இடம் இருக்கு!"

எல்லோரும் உள்ளே போனார்கள். கூடம் நிறைந்து, படுக்கையறை நிறைந்து, கோழிக்கூடு வரை ஆள் நின்றது. எட்டுப் பேருக்கென்று வைத்திருந்த அச்சப்பம், குழலப்பம் என்ற பலகாரமெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் காலி. அடுப்படியில் பைலியின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். கோகிலாபென்னின் ஆட்கள் பரவாயில்லை என்று தங்கள் பைகளைத் திறந்து காக்ரா, தேப்லா என்ற குஜராத்தி ரொட்டிகளை எடுத்து, பெண் வீட்டாருக்கே பரிமாற ஆரம்பித்தார்கள்.

ரோஸிலி மகனின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "எடா, யாருடா இவங்க எல்லாம்?"

"பயணிங்க அம்மா."

"இவங்க எதுக்குடா என்கிட்ட வந்து எனக்குச் சக்கரை வியாதி இருக்கான்னு கேட்கறாங்க?"

பைலி தரகரிடம் கிசுகிசுத்தார். "பையனுக்கு ஒரு அம்மா மட்டும்தான்னு சொன்னீங்களே வறீது?"

வறீதின் தொழில் தர்மம் ஒன்றே ஒன்று. எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லக் கூடாது. "கப்பல்காரன் ஆச்சே! துறைமுகம் துறைமுகமா சொந்தம். எல்லாம் பெரிய இடம்."

பைலி பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க பொண்ணுக்கும் மும்பையில பெரிய ஆஸ்பத்திரி. கடல், கப்பல்னு எல்லாம் ஒரு தடவை பேச்சு எடுத்தா. பொம்பளைப் பிள்ளைக்குத் தண்ணியில என்ன வேலைன்னு அன்னிக்கே வெட்டிவிட்டேன்." அப்போதுதான் எதிரில் ஷைஜன் நிற்பது உறைத்தது. "மாப்பிள்ளை விஷயம் வேற. ஆம்பளைங்க மிதக்கலாம்."

"சரி, பொண்ணைக் கூப்பிடுங்க," என்றார் கோகிலாபென், அந்த வீட்டையே தான் கட்டியவர் போல.

எல்லோரும் அடுப்படி வாசலைப் பார்த்தார்கள். ஷைஜன் தலைமுடியைத் தடவிக்கொண்டான். டீ வந்தது. ஆனால் தட்டைத் தூக்கி வந்தது பைலியின் மனைவி. பாதி டீ தட்டிலேயே சிந்தியிருந்தது.

பைலி தரகரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஷைஜனுக்குக் கேட்டதெல்லாம் "சித்தி வீடு", "கும்பளங்கி", "இருக்கலாம்" என்ற மூன்று சொற்கள்தான். திரும்பி வந்த வறீதின் முகத்தில் அந்த "இருக்கலாம்" சுத்தமாக இல்லை.

"பொண்ணு கும்பளங்கியில சித்தி வீட்டுல காத்துக்கிட்டிருக்கு! காயல் கரை, காத்து, தென்னந்தோப்பு. அங்கே வெச்சுத்தான் பார்க்கணும்னு பொண்ணுக்கு ஆசை!"

கும்பளங்கி! காலையில் ஷைஜன் கெஞ்சிக் கூத்தாடி வேண்டாம் என்று சொன்ன அதே படகு போகும் ஊர்.

உடனே கயித்தானுக்குப் போன் போட்டான். "சார், என்னைப் படகுக்கே மாத்திடுங்க."

"பஸ்ஸை யார் பார்ப்பா?"

ஷைஜன் திரும்பினான். கோகிலாபென் தலைமையில் எல்லாக் கைகளும் தூக்கியே இருந்தன.

"பஸ்ஸும் வருது சார்."

படகுத் துறையில் கயித்தான் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் கூட்டிவந்தவர்கள் புனேயில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அமைதியானவர்கள். வரிசையில் நின்று படகில் ஏறிக்கொண்டிருந்தவர்கள், பஸ்ஸிலிருந்து பாட்டும் கைதட்டலுமாக இறங்கிய கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

"நீங்க எல்லாம் எங்க போனீங்க?" என்று கேட்டார் ஜோகளேகர் என்ற பெரியவர்.

"பொண்ணு வீட்டுக்கு! டீ, பலகாரம், உபசாரம்!" என்றார் கோகிலாபென்.

ஜோகளேகர் கயித்தானின் பக்கம் திரும்பினார். கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கும் பழைய பார்வை. "எங்களுக்கு ஏன் அதைக் காட்டலை?"

"சார், அது சுற்றுலாவுல இல்லை."

"அவங்களுக்கு இருந்துச்சே? எழுத்துல புகார் கொடுக்கட்டுமா?"

படகுக்காரர் குறுக்கே வந்தார். "இருக்கிற சீட்டுக்கு மேல ஒருத்தரைக்கூட ஏத்த மாட்டேன். யாரு வரீங்க, யாரு போறீங்க, சீக்கிரம் சொல்லுங்க."

புகார் என்ற சொல்லைக் கேட்டால் கயித்தானுக்குக் கை கால் ஓடாது. புனேக்காரர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். கயித்தானையும் ஏற்றிக்கொண்டார்கள். ஊரைச் சுற்ற வந்தவர்கள் படகிலும், படகில் வந்தவர்கள் பெண்ணே இல்லாத பெண் வீட்டுக்குமாகப் பிரிந்தார்கள். பஸ் ஜன்னல் வழியாக ஷைஜனைப் பார்த்த கயித்தானின் கண்ணில் கோபம்கூட இல்லை. நடப்பது நிஜமா என்ற சந்தேகம்தான் இருந்தது.

ரோஸிலி, பைலி, வறீது மூவரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு படகு காயலில் மெதுவாகப் போனது. அந்த அழகை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஷைஜனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் சீப்பு எடுத்து அவன் தலையை வாரிவிட்டாள். "பொண்ணு எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லாதே. ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்லு," என்று யோசனை சொன்னார் இன்னொருவர். பைலி மட்டும் படகின் மூலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காற்று நன்றாகத்தான் வீசியது.

சித்தியின் வீடு தண்ணீர் ஓரமாகவே இருந்தது. சித்தி இடுப்பளவு தண்ணீரில் நின்று மீன் கூடையை அலசிக்கொண்டிருந்தாள். படகு நிறைய ஆட்கள் தன்னைப் பார்த்துக் கையாட்டியதைக் கண்டு கூடையை நழுவவிட்டாள்.

"டெல்னாவா? இங்கேயா? அவ ஈஸ்டருக்கு வந்தவ, அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கலையே!"



வறீது எழுந்தார். "அப்படின்னா பொண்ணு இப்பத்தான் இங்கேயிருந்து கிளம்பி ஊருக்கு..."

"போதும் வறீது." பைலியின் குரல் உடைந்திருந்தது. அவர் ரோஸிலியின் முன்னால் வந்து கை கூப்பினார். "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. பொண்ணு எங்கேன்னு எனக்குத் தெரியாது. விடியறதுக்குள்ள பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கா. என்னைத் தேடாதீங்க, நல்லா இருப்பேன்னு அவ அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா. போனையும் அணைச்சு வெச்சிருக்கா. இதோ வந்துடுவா, அதோ வந்துடுவான்னு நானும் உங்களை இழுத்தடிச்சுட்டேன். இத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது?"

ஷைஜனுக்கு முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகத் தோன்றியது. அவனைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அவள் வீட்டை விட்டே போயிருக்கிறாள். இதுவரை போன பெண்களெல்லாம் அவன் வரத் தாமதமானதால் போனவர்கள். இவள் அவன் வருகிறான் என்று தெரிந்து போனவள். அழுதுவிடுவோமோ என்று பயந்து தண்ணீரைப் பார்த்தான்.

ரோஸிலி மகனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மகனுக்கு ஏழெட்டு வயதானபோது அவள் அப்படிச் செய்வதை நிறுத்தியிருந்தாள்.

காட்கோபர் கூட்டம் முழுவதும் மூக்கை உறிஞ்சியது. கோகிலாபென் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இந்தப் பையனைப் பார்க்காமப் போனது அந்தப் பொண்ணுக்குத்தான் நஷ்டம்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன. பைலியின் கையும்.

ஷைஜன்தான் முதலில் தேறினான். "என் விஷயத்தை விடுங்க சேட்டா. பொண்ணைத் தேடணும். எனக்குப் பயந்து போயிருந்தாங்கன்னா, நான் போயிட்டேன்னு அவங்களுக்குத் தெரியணும். கப்பல் கிளம்பினதும் எல்லாருக்கும் சொல்லுங்க, திரும்பி வந்துடுவாங்க." பைலியின் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்லபடியா வந்து சேர்ந்தாங்கன்னா எனக்கு ஒரு வரி சொல்லி அனுப்புங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

பைலி அவனைக் கட்டிக்கொண்டு குலுங்கினார்.

திரும்பும் வழியில் கயித்தான் போன் செய்தார். புனேக்காரர்கள் பெண் வீட்டை விட்டு எழுந்திருக்க மறுக்கிறார்களாம். பைலியின் மனைவி வேறு வழி தெரியாமல் அத்தனை பேருக்கும் மீன் குழம்பு வைத்திருக்கிறாள். ஜோகளேகர் மூன்றாவது தடவை சோறு வாங்கிவிட்டு, இந்தக் கப்பலில் இதுவரை பார்த்ததிலேயே சிறந்த சுற்றுலா இதுதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"உன்னை வேலையை விட்டு அனுப்பறதா, பதவி உயர்வு கொடுக்கறதான்னு எனக்குப் புரியலை," என்றார் கயித்தான். "பொண்ணு எப்படி?"

"பொண்ணு இல்லை சார்."

"என்ன, பொண்ணு இல்லையா? அப்போ நாங்க யாரு வீட்டுல சாப்பிடறோம்?"

எல்லோரையும் அள்ளிக் கட்டித் துறைமுகம் வந்து சேர்ந்தபோது கப்பல் முதல் சங்கு ஊதிவிட்டது. வாசலுக்கு உள்ளே வீட்டு ஆட்களுக்கு அனுமதி இல்லை. ரோஸிலி மகனின் காலரைச் சரிசெய்தாள். "வேளாவேளைக்குச் சாப்பிடு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பக்கத்தில் பைலி, போலீஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். வறீது முதல் தடவையாக, "எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டுக் கண் கலங்கினார்.

காட்கோபரும் புனேயும் ஏறி முடிந்தன. ஒருவர்கூடத் தொலையவில்லை. ஒரு புகார்கூட வரவில்லை. ஷைஜன் கடைசி ஆளாகக் கப்பல் ஏணியில் ஏறினான். ஒவ்வொரு படியும் கனத்தது. மேலே அடையாள அட்டை பார்க்கும் காவலாளி நபகிஷோர், ஒடிசாக்காரன், அவனைப் பார்த்ததும் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"எங்கப்பா போயிட்டே? இன்னிக்குக் காலையில நம்ம கப்பல்ல புதுசாச் சேர்ந்த நர்ஸம்மா, யாரோ டெல்னாவாம், உன் பேரைச் சொல்லி, 'மும்பை வேலையை விட்டுட்டு வீட்டுக்குத் தெரியாம இந்த வேலைக்கு வந்ததே அந்த ஆளு கூட நாலு வார்த்தை தனியாப் பேசத்தான், அவர் ஊரைச் சுத்தப் போனாரா, படகுல போனாரா'ன்னு காலையிலேர்ந்து என் உயிரை எடுத்துக்கிட்டிருக்காங்க!"